விற்பவரே ஆடி, அவரே தீர்ப்பும் சொல்வதா? கிள்ளான் பள்ளத்தாக்கு கார்டுக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிள்ளான் பள்ளத்தாக்கில் மேஜிக் என்ற கார்டு விளையாட்டின் லீக்கைக் கூட்டாக நடத்தும் கடைக்காரர்களுக்கும் அமைப்பாளர்களுக்கும்,

வரும் சீசனிலிருந்து லீக் போட்டிகளுக்குத் தனி நடுவர் கிடையாது, போட்டி நடக்கும் கடையின் உரிமையாளரே தகராறுகளைத் தீர்த்துவைப்பார் என்று குழுவில் அறிவித்திருக்கிறீர்கள். கடைக்காரர் விரும்பினால் அதே போட்டியில் ஆடவும் செய்யலாம் என்று அதன் கீழே இன்னொரு வரி. முதல் வரியையாவது செலவுக் கணக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது வரியை எழுதும்போது உங்களில் ஒருவருக்குக்கூட உறுத்தவில்லையா?

நானும் ஒரு நடுவர். இதையே ஆங்கிலத்தில் எழுதி உங்களுக்குத் தனியாக அனுப்பினேன். ‘நோட்டட்’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. அதனால் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் உங்கள் மேசைகளில் வந்து உட்காரும் பிள்ளைகளில் கிள்ளான், பூச்சோங், செந்தூல் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர். பிள்ளை எங்கே போகிறது, அங்கே என்ன நடக்கிறது என்று அவர்கள் வீட்டிலும் தெரியட்டும். உங்களில் தமிழ் படிக்காதவர்களுக்கு எடுத்துச் சொல்ல உங்கள் கடையிலேயே ஆள் இருக்கிறது.

அந்தப் பெற்றோருக்காக நாலு வரி. மேஜிக் 1993-இல் அமெரிக்காவில் வெளிவந்த கார்டு விளையாட்டு. ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற கணிதம் படித்தவர் உருவாக்கினார், விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. காசு வைத்து ஆடும் சீட்டு என்று பயப்பட வேண்டாம். குறைந்தது 60 கார்டு கொண்ட ஒரு டெக்கை ஒவ்வொருவரும் தானே யோசித்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு சுற்றுக்கு 50 நிமிடம், மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தவருக்குச் சுற்று. முதல் உலகப் போட்டி 1994-இல் மில்வாக்கியில் நடந்தது, தேர்ந்த வீரர்களுக்கான ப்ரோ டூர் என்ற போட்டி முதன்முதலில் 1996-இல் நியூயார்க்கில். நம் நாட்டுக்கும் இதில் பெயர் உண்டு. 2005-இல் டெர்ரி சோ, அழைக்கப்பட்டவர்கள் மட்டும் ஆடும் இன்விடேஷனல் போட்டியை வென்றார். வென்றவர் தானே ஒரு கார்டை வடிவமைக்கலாம் என்பதுதான் அதற்குப் பரிசு. அவர் முகத்தோடு வந்த ரக்டோஸ் ஆகர்மேஜ் கார்டு மறுவருடம் உலகம் முழுக்கப் போனது. உங்களில் ஒருவர் அதைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். கோலாலம்பூரில் கிராண்ட் ப்ரீ என்ற பெரிய போட்டி நடந்த காலத்தை உங்களில் மூத்தவர்கள் இன்னும் பேசுவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி நாலு மேசை போட்டு ஆடுகிற ஆட்டத்தைப் பற்றியதாக இருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அந்த மட்டத்துப் போட்டிக்கு விதிகளில் ‘ரெகுலர்’ என்று பெயர். அங்கே நடுவரும் உட்கார்ந்து ஆடலாம் என்று விதியே சொல்கிறது. யாராவது தப்புச் செய்தால் திருத்திச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம், பெரிய தண்டனை எதுவும் வேண்டாம். ஆனால் உங்கள் லீக் அந்த மட்டத்தில் நடப்பதில்லை. ஜெயிப்பவருக்கு வெளிநாட்டுப் போட்டிக்கு விமான டிக்கெட்டும் நுழைவுக் கட்டணமும் தருகிறீர்கள். டெக் பட்டியல் எழுதி வாங்குகிறீர்கள். இது ‘காம்பெட்டிட்டிவ்’ மட்டப் போட்டி என்று உங்கள் அறிவிப்பே சொல்கிறது. அந்த மட்டத்தில் போட்டியை நடத்தும் அதிகாரி அதே போட்டியில் ஆடக் கூடாது. இது நான் சொல்வதில்லை, நீங்கள் பின்பற்றுவதாகச் சொல்லும் போட்டி விதிகளிலேயே இருக்கிறது. போட்டி அதிகாரி ஆடியே தீர வேண்டும் என்றால் அதை ரெகுலர் மட்டத்தில் வைக்கச் சொல்கிறது விதி. பரிசு மட்டும் பெரிய போட்டிக்கு உரியது, பொறுப்பு மட்டும் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு உரியதா?

இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். என்ன ஆகும் என்று ஊகிக்க வேண்டியதே இல்லை, போன சீசனிலேயே பார்த்தாயிற்று. நடுவர் வராத ஒரு நாளில் உங்களில் ஒருவர் கடையில் நான் ஆட வந்திருந்தேன். பக்கத்து மேசையில் கடைக்காரரும் ஐந்தாம் படிவம் படிக்கும் ஒரு தம்பியும். தம்பி ‘காம்பாட்?’ என்றான், தாக்கும் கட்டத்துக்குப் போகலாமா என்று அர்த்தம். அவர் தலையாட்டினார். அவன் தன் வாகனக் கார்டுக்கு ஆள் ஏற்றப் போனான். அதைச் செய்தால்தான் வாகனம் தாக்க முடியும். ‘காம்பாட் சொல்லிவிட்டாய், இனி ஏற்ற முடியாது’ என்றார் கடைக்காரர். ‘ஜட்ஜ்’ என்று பையன் கை தூக்கினான். அன்று ஜட்ஜ் யார்? எதிரே உட்கார்ந்திருந்தவரேதான். ஏற்ற முடியாது என்று இன்னொரு முறை சொன்னார், இம்முறை நடுவராக. பையன் அந்த ஆட்டத்தில் தோற்றான், சுற்றிலும் தோற்றான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2017-இல் டப்ளினில் நடந்த ப்ரோ டூரில் இதே ‘காம்பாட்’ சிக்கல் கேமரா முன்னால் நடந்தது. ஒருவர் ‘காம்பாட்’ என்று சொல்லிவிட்டார், வாகனத்துக்கு ஆள் ஏற்றும் வாய்ப்புப் போய்விட்டது என்று அன்றைய விதிப்படி தீர்ப்பானது. பெரிய சர்ச்சை. சில மாதங்களுக்குள் விதியைத் திருத்தினார்கள். ‘காம்பாட்’ என்று சொன்ன பிறகும், தாக்குதல் கட்டத்தின் தொடக்கத்தில் ஆடுபவர் ஆள் ஏற்றலாம் என்பதுதான் அதிலிருந்து விதி. கடைக்காரர் சொன்னது காலாவதியான சட்டம். அவர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆடுவதை நிறுத்திச் சில வருடம் ஆனவர்களில் பலர் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் தன் ஆட்டத்துக்குத் தானே தீர்ப்புச் சொல்லும்போது பழைய விதி மட்டும் எப்படியோ சரியாக ஞாபகம் வருகிறது. தனியாக ஒரு நடுவர் இருந்திருந்தால் இரண்டு பேரிடமும் தனித்தனியாக ‘என்ன சொன்னீர்கள், எப்போது சொன்னீர்கள்’ என்று கேட்டு, சந்தேகம் இருந்தால் போனில் விதியைத் திறந்து பார்த்து, மூன்று நிமிடத்தில் முடித்திருப்பார். அந்த மூன்று நிமிடத்தைச் சுற்றின் நேரத்தோடு சேர்த்தும் கொடுத்திருப்பார்.

அப்புறம் கடைசிச் சுற்று விவகாரம். இதை உங்களில் எல்லோரும் அறிவீர்கள், யாரும் பேசுவதில்லை. டாப் எட்டுக்குள், அதாவது கடைசிக் கட்டத்தில் ஆடும் முதல் எட்டுப் பேருக்குள், போக ஒருவருக்கு ஒரு வெற்றி தேவை. எதிராளிக்கு வாய்ப்பு ஏற்கெனவே போய்விட்டது. ‘நீ விட்டுக்கொடு, உனக்குக் கார்டு பாக்கெட் ஆறு தருகிறேன்’ என்று பேசிக் கைகுலுக்கினார்கள். விட்டுக்கொடுப்பதில் தவறில்லை, விதி அனுமதிக்கிறது. அதற்கு விலை பேசுவதுதான் லஞ்சம், தெரிந்து செய்தால் போட்டியை விட்டே வெளியேற்றலாம். கடையில் பாதிப் பேர் கேட்டார்கள். கடைக்காரரிடம் சொன்னபோது, ‘விடுங்கள், இரண்டு பேரும் நண்பர்கள்தானே’ என்றார். அவர்கள் நண்பர்கள், சரி. புள்ளி சமமாகி, தன்னோடு மோதியவர்களின் வெற்றி விகிதத்தைப் பார்த்ததில் நூலிழையில் ஒன்பதாவதாக நின்று வீட்டுக்குப் போன பிள்ளை யாருக்கு நண்பன்? அவன் அந்தக் கடைக்குப் புதியவன். அந்த இரண்டு பேரும் மாதா மாதம் பெட்டி பெட்டியாக வாங்குகிறவர்கள். கடைக்காரர் கெட்டவர் என்று நினைக்க எனக்கு மனமில்லை. ஆனால் தன் பெரிய வாடிக்கையாளர் இரண்டு பேரை ஒரே நாளில் வெளியே அனுப்பு என்று எந்த வியாபாரியிடமும் கேட்க முடியாது. அந்த இக்கட்டிலிருந்து அவரைக் காப்பாற்றத்தான் வெளியிலிருந்து ஒருவர் வேண்டும் என்கிறேன். நடுவர் இருந்தால் பழி நடுவருக்கு, கடைக்கு வியாபாரம். உங்களுக்கே இது லாபம்தானே?

நடுவர் என்றால் என்ன செய்வார் என்பது பலருக்குத் தெரிவதில்லை. என் அத்தை இன்னமும் நான் எங்கோ விசில் ஊதிக்கொண்டிருப்பதாக நினைக்கிறார். தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வது அந்த வேலையில் சின்னப் பங்கு. போட்டி முழுக்கப் பத்தில் ஒரு டெக்கையாவது எடுத்துப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்கிறது விதி. அந்தச் சோதனையில் கார்டு எண்ணுவது சுலபம். கார்டுகளைப் போட்டு வைத்திருக்கும் உறைகளைப் பார்ப்பதுதான் கஷ்டம். மூலை மடங்கியிருப்பது வெறும் தேய்மானமா, அல்லது முக்கியமான கார்டுகளில் மட்டும் மடங்கியிருக்கிறதா? 2019-இல் லண்டனில் நடந்த பெரிய போட்டியில், ஹால் ஆஃப் ஃபேம் என்ற சிறந்த வீரர்களின் கௌரவப் பட்டியலில் இடம் பெற்றிருந்த ஒரு ஜப்பானிய வீரரை உறைகளில் குறி இருந்ததாகச் சொல்லி நடுவர்கள் தகுதி நீக்கினார்கள். பிறகு ஹால் ஆஃப் ஃபேமிலிருந்தும் அவர் பெயரை எடுத்தார்கள். உலகத்தின் கண் முன்னால் ஆடுகிற இடத்திலேயே உறையைத் திருப்பிப் பார்க்க ஆள் தேவைப்பட்டிருக்கிறது. நம் கடையில் பார்ப்பது யார்? தானும் ஆடிக்கொண்டிருக்கும் கடைக்காரர் எப்போது எழுந்து போய் அடுத்த மேசை டெக்கைப் பிரிப்பார்? பிரித்தால், அடுத்த சுற்றில் அந்த டெக்கோடு அவரே மோத வேண்டி வந்தால்?

மெதுவாக ஆடுவதும் அப்படித்தான். ஒரு ஆட்டம் முன்னிலையில் இருப்பவர் கடைசிப் பத்து நிமிடத்தில் கையிலுள்ள கார்டையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் யோசிக்கிறாரா நேரத்தைக் கடத்துகிறாரா என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தாக வேண்டும். எதிராளி கை தூக்கிய பிறகு வந்து பார்த்தால் எல்லோரும் வேகமாகத்தான் ஆடுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தயங்கித்தான் எழுதுகிறேன். பெண் பிள்ளைகள் நம் போட்டிகளுக்கு ஏன் வருவதில்லை என்று நீங்களே கூட்டத்தில் கேட்டீர்கள். வந்த ஒருத்தியிடம் எதிராளி ஆட்டம் முழுக்க அவள் உடையைப் பற்றியே பேசினான். அவள் கல்லாவுக்குப் போய்ச் சொன்னாள். ‘சும்மா விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான்’ என்று அங்கே இருந்தவர் சிரித்தார். அவள் அந்தச் சுற்றை முடித்துவிட்டுப் போனாள், பிறகு வரவில்லை. அப்படிப் பேசுவதற்கு விதிகளில் தண்டனை இருக்கிறது, சாதாரண எச்சரிக்கையில் தொடங்கி சுற்றையே இழப்பது வரை. அதைக் கொடுக்க ஓர் ஆள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நின்றிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்டிருக்கிறேன். ‘கம்பெனியே நடுவர்களைக் கைவிட்டுவிட்டது, நாங்கள் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்’ என்கிறீர்கள். பாதி உண்மை. முன்பெல்லாம் நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்று கொடுத்தது விஸார்ட்ஸின் சொந்தத் திட்டம். 2016-இல் அமெரிக்காவில் நடுவர்கள் சிலர், தாங்களும் அந்த நிறுவனத்தின் ஊழியர்களே, தங்களுக்குச் சம்பளம் தர வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். 2019-இல் சான்று கொடுக்கும் வேலை ஜட்ஜ் அகாடமி என்ற வெளி நிறுவனத்துக்குப் போனது, நடுவர்கள் வருடச் சந்தா கட்டினோம். சில வருடங்களில் அதுவும் மூடப்பட்டது. அதன் பிறகு அமெரிக்கா, கனடா நடுவர்கள் தாங்களே சேர்ந்து ஜட்ஜ் ஃபவுண்ட்ரி என்ற அமைப்பைத் தொடங்கிக்கொண்டார்கள். ஆக, மேலிருந்து சான்று தரும் கை விலகியது நிஜம். ஆனால் போட்டி விதிகளையும் தண்டனை வழிகாட்டியையும் நிறுவனம் இன்றுவரை வெளியிட்டுத் திருத்திக்கொண்டுதான் இருக்கிறது. நடுவர் வேண்டாம் என்று அந்தப் புத்தகங்களில் எந்தப் பக்கத்திலும் இல்லை. தலைமை நடுவரிடம் மேல்முறையீடு செய்யும் உரிமை ஆடுபவருக்கு உண்டு என்றுதான் இருக்கிறது. நீங்கள் விற்கும் இன்னொரு விளையாட்டான போக்கிமானில் போட்டி நடத்துபவர்களுக்கு ‘புரொஃபசர்’ என்று தேர்வே இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவும் இருக்கிறது. அங்கே யாரும் வேண்டாம் என்று சொல்லக் காணோம்.

அடுத்தது காசு. பேசிவிடுவோம், நீங்களும் பேசத்தான் நினைக்கிறீர்கள். நாற்பது பேர் ஆளுக்கு 50 வெள்ளி கட்டினால் 2,000 வெள்ளி வருகிறது. நாற்பது பேர் என்றால் ஆறு சுற்று, பிறகு டாப் எட்டு. காலையில் மேசைக்கு எண் ஒட்டுவதில் தொடங்கி ராத்திரி பரிசு கொடுக்கும் வரை நடுவர் ஏறக்குறைய பத்து மணி நேரம் நிற்கிறார். அதற்கு இத்தனை காலமும் நீங்கள் தந்தது பூஸ்டர் பாக்கெட்டும் ஒரு பொட்டலம் நாசி லெமாக்கும். நம் நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 8 வெள்ளி 72 காசு. உங்கள் கடையில் தரை துடைப்பவருக்கு அதைக் குறைத்துப் பாக்கெட்டாகக் கொடுக்க முடியுமா? பாக்கெட்டை வைத்துப் பெட்ரோல் போட முடியாது. அதைத் திரும்ப உங்களிடமே விற்கப் போனால் பாதி விலை சொல்கிறீர்கள். இப்போது அந்தப் பாக்கெட்டும் மிச்சம் என்று நடுவரையே எடுத்துவிட்டீர்கள். ஒரு நாளுக்கு 150 வெள்ளி என்று வைத்தால் நாற்பது பேருக்குப் பிரித்து ஆளுக்கு நாலு வெள்ளிகூட ஆகாது. அதைக் கட்டணத்தோடு சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். என்னோடு ஆடுகிறவர்களில் மாட்டேன் என்று சொல்லும் ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஒரே கார்டுக்கு நூறு வெள்ளி கொடுப்பவர்கள் நாலு வெள்ளிக்கா அழப்போகிறார்கள்?

‘நடுவர் கிடைப்பதில்லை’ என்பது உங்கள் மூன்றாவது காரணம். கிடைக்காமல் இல்லை. வந்தவர்கள் அலுத்துப்போய் நின்றுவிட்டார்கள். அலுத்ததற்குக் காரணம் மேலே இருக்கிறது.

ஆகவே, கேட்பதை நேராகவே கேட்கிறேன்.

அந்த இரண்டாவது வரியை உடனே திரும்பப் பெறுங்கள். லீக் புள்ளி உள்ள எந்தப் போட்டியிலும், அன்றைக்கு அதை நடத்தும் கடையின் உரிமையாளரோ ஊழியரோ ஆடக் கூடாது. அவர்களுக்கு ஆட ஆசை இருந்தால் அடுத்த வாரம் அடுத்த கடைக்குப் போய்த் தாராளமாக ஆடட்டும், அதற்குத்தானே கூட்டு லீக்.

ஒவ்வொரு லீக் போட்டிக்கும் அந்தக் கடையைச் சாராத ஒரு தலைமை நடுவரை வையுங்கள். முப்பத்திரண்டு பேருக்கு மேல் வந்தால் இரண்டாவது ஆள் வேண்டும். இல்லாவிட்டால் முதல் தீர்ப்புக்கு மேல்முறையீடு என்பதே பேச்சளவில்தான். அவர்களுக்குப் பணமாகக் கொடுங்கள், போட்டி முடிந்த அன்றே. எவ்வளவு என்பதைப் போட்டி அறிவிப்பிலேயே எழுதுங்கள்.

கடைகளுக்கு அப்பாற்பட்ட ஒரு சிறிய முறையீட்டுக் குழு வேண்டும். ஆடுபவர்களிலிருந்து இரண்டு பேர், அவர்களில் ஒருவர் பெண், நடுவர்களிலிருந்து ஒருவர், உங்கள் பக்கம் ஒருவர். தகுதி நீக்கம், லஞ்சம், தொல்லை பற்றிய புகார்கள் கல்லாவுக்குப் போகாமல் அங்கே போக வேண்டும். புகார் கொடுத்தவர் பெயரை நீங்கள் அறிவிப்புப் போடும் பொதுக் குழுவில் போடக் கூடாது, முடிவை மட்டும் போடுங்கள்.

புதிய நடுவர்களைப் பழக்குவதை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் உங்கள் கடைகளில் ஒன்றை மாற்றி மாற்றி இரண்டு மணி நேரம் கொடுங்கள், போதும். விதிப்புத்தகத்தை இலவசமாக யாரும் இறக்கிப் படிக்கலாம், வகுப்பெடுக்க நாங்கள் காசு கேட்கவில்லை.

போன சீசனில் அந்தக் கடைசிச் சுற்றில் நடந்ததை விசாரியுங்கள். புள்ளிப் பட்டியலை மாற்ற இனி முடியாமல் இருக்கலாம். ஒன்பதாவதாக நின்ற அந்தப் பிள்ளைக்கு வரும் சீசனின் முதல் போட்டியில் கட்டணம் வாங்காதீர்கள், ஏன் வாங்கவில்லை என்பதையும் அவனிடம் சொல்லுங்கள்.

சீசனின் முதல் போட்டிக்குப் பதிவு தொடங்கும் முன் இவற்றுக்குப் பதில் வேண்டும், அறிவிப்புப் போட்ட அதே குழுவில், எல்லோரும் பார்க்கும்படி. ‘நோட்டட்’ என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டோம். ஏற்றுக்கொள்ள முடியாதது எது என்றால் அதற்கான காரணத்தை எழுதுங்கள், நேரில் பேச வேண்டும் என்றால் எந்தக் கடைக்கும் வருகிறேன். பதில் வராவிட்டால், நானும் என்னோடு சேர்ந்த நடுவர்களும் லீக் போட்டிகளில் வேலை செய்ய மாட்டோம். நடுவர் இல்லாத போட்டிக்கு உங்கள் சுவரொட்டியில் ‘காம்பெட்டிட்டிவ்’ என்று போட்டிருந்தால் நம்ப வேண்டாம் என்றும் வீடு வீடாகச் சொல்வோம்.

இப்படிக்கு,
கிள்ளானிலிருந்து ஒரு நடுவர்